வீட்டிலே செய்த விமானங்களின் ஊர்

ஐக்கிய அமெரிக்காவின் வடபாகத்திலே, விஸ்கொன்சின் மாநிலத்தில், வினபேகோ என்னும் பேரேரியின் மேற்குக் கரையில் ஒஷ்கொஷ் என்றொரு நகரம் உண்டு. அறுபத்தையாயிரம் பேரளவில் வாழும் அந்த ஊரில், ஆண்டின் பெரும்பகுதியும் ஆரவாரம் எதுவுமில்லை. ஒரு பல்கலைக்கழகம், சில தொழிற்சாலைகள், ஏரியிலே மீன்பிடிப்போரின் படகுகள், இவ்வளவே. ஆனால் ஜூலை மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால், அங்குள்ள விற்மன் விமானத்தளம் உலகத்திலேயே மிக நெருக்கடியான விமானத்தளமாகிவிடுகின்றது. 2024 ஆம் ஆண்டில் அவ்வொரு வாரத்துக்கென இவ்வூருக்கும் அயலூர்த் தளங்களுக்கும் வந்திறங்கிய விமானங்கள் 10,000 க்கு மேல். கூடிய மக்கள் ஏறக்குறைய 6 இலட்சத்து 86 ஆயிரம். நல்லூர்க் கந்தனின் தேரன்று யாழ்ப்பாணம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கின்றது ஒஷ்கொஷ். இங்கே தேருக்குப் பதிலாக விமானங்கள். அவற்றுள் எத்தனையோ, அவற்றிலே பறந்து வந்தவர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் தம் கையாலே செய்தவை.

அந்த வீட்டு விமானங்களைக் காணவே நாம் சென்றோம். சிக்காக்கோவிலிருந்து வடக்கு நோக்கி 280 கிலோமீற்றர் அளவிலான மோட்டார்ப் பயணம். அங்கே எஞ்சினியர் படிப்புப் படிக்கும் எமது மருமகன் காரைச் செலுத்தினான். வழிநெடுகச் சோளக்கொல்லைகள், பசுக்கள் மேயும் புல்வெளிகள், செந்நிறம் பூசிய பாற்பண்ணைக் கொட்டில்கள். ஒஷ்கொஷை அணுகுமுன் பெருந்தெருவை விட்டு விலகி, பிஸ்க் என்னும் சிற்றூரில் இறங்கினோம். வந்து சேரும் சிறு விமானங்கள் யாவும் றிப்பன் என்ற ஊரிலிருந்து புகையிரதப் பாதையைப் பார்த்துக்கொண்டே ஒற்றை வரிசையாய், இச்சிற்றூருக்கு மேலாகவே வரவேண்டும் என்பது விதி. தரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் அடி உயரம். மணிக்கு 90 கடல்மைல் வேகம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அரை மைல் இடைவெளி. கீழே நின்று தொலைநோக்கியால் அண்ணாந்து பார்க்கும் அலுவலர், விமானத்தின் நிறத்தையும் உருவத்தையும் சொல்லி, "இறக்கைகளை ஆட்டுங்கள்" என்று வானொலியிற் பணிக்கின்றார். மேலே செல்லும் விமானம் இருபக்கமும் சாய்ந்தாடி, "கேட்டது" என்று தலையசைப்பது போலக் காட்டிவிட்டுப் போகின்றது. வாய்திறந்து மறுமொழி கூறுவது வழக்கமில்லை; அத்தனை பேரும் ஒரே அலைவரிசையிற் பேசத் தொடங்கினாற் சந்தை இரைச்சலாகிவிடும் அன்றோ?

"மாமா, இந்த வரிசையில் வரும் ஒன்றினது எஞ்சின் இப்பொழுது நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்?" என்று மருமகன் கேட்டான்.

அக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே எமது மூன்று நாட்களும் பெரும்பாலும் கழிந்தன என்று சொல்லவேண்டும்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழும் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. மலைநாட்டுச் சரிவிலே எஞ்சினை நிறுத்திவிட்ட பஸ், சரிவு உள்ளவரை உருண்டுகொண்டே இருக்கும். விமானத்துக்கு அதன் உயரமே சரிவு. மூக்கைச் சற்றே தாழ்த்திப் பிடித்தால், இழக்கும் ஒவ்வோர் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னோக்கிச் செல்லக்கூடியவை பல சிறு விமானங்கள். ஆயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் 9,000 அடி, அதாவது இரண்டே முக்காற் கிலோமீற்றர் செல்லலாம். கையிலிருக்கும் காலம் ஒன்றேகால் நிமிடமளவு. நாம் நின்ற இடத்திலிருந்து சுற்றிப் பார்த்தோம். அந்தத் தூரத்துக்குள் அறுத்த புல்வெளிகள் இரண்டு, சோயா அவரை வயல்கள் சில, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த சோளக்கொல்லைகள் பல, ஒரு தெரு, தெருவோரமாய் மின்கம்பங்கள். மேலே செல்பவர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். மேலும், எஞ்சின் நின்றவுடன், "இது உண்மையிலே நமக்குத்தான் நடக்கின்றதா?" என்ற திகைப்பில் முதல் நான்கு விநாடி கழிந்துவிடும் என்று பயிற்சியாளர் கணக்கிடுகின்றனர். அந்த ஒன்றேகால் நிமிடத்திலே அதனையும் கழித்துக்கொள்க.

விமானத்தளத்துள் நுழைந்தால், வீட்டு விமானங்களுக்கென்றே புல்தரையில் நெடும் வரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் இறக்கைக்குக் கீழும் ஒரு சிறு கூடாரம். கூடாரத்தின் முன்னே செய்தவரும் அவர் மனைவி மக்களும். பல்வைத்தியர், தச்சர், பள்ளி ஆசிரியர், கமக்காரர் என்று எல்லாத் தொழிலினரும் இருக்கின்றனர். எதைக் கேட்டாலும் எழுந்து நின்று விளக்குகின்றனர். இத்தனை இலட்சம் பேர் புழங்கும் வெளியிலே நிலத்தில் ஒரு கடதாசித் துண்டு கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். நமது திருவிழா வீதிகளை எண்ணி நாம் பெருமூச்சு விட்டோம்.

இவ்விழாவின் மூலவர் போல் பொபரெஸ்னி என்ற விமானி. 1953 ஆம் ஆண்டு மில்வோக்கி நகரத்தில் ஏறக்குறைய மூன்று டசின் பேரைக் கூட்டி அவர் ஒரு சங்கம் அமைத்தார். சங்கத்தின் முதற் காரியாலயம் அவர் வீட்டு நிலவறை. 1955 இல், எஞ்சின் உட்பட 800 டொலருக்குட் செய்யக்கூடிய ஒரு விமானத்தைப் பற்றி அவர் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளைக் கண்டு, கொட்டகையும் கைவாளும் உடையவர்களெல்லாம் கடிதம் எழுதத் தொடங்கினர். ஆண்டுக் கூட்டம் 1959 முதல் இலினோய் மாநிலத்து றொக்போர்ட்டிலும், 1970 முதல் ஒஷ்கொஷிலும் நடைபெறுகின்றது. பொபரெஸ்னி 2013 இல் மறைந்தார்.

சட்டம் இவர்களுக்கு இடங்கொடுத்திருப்பது ஒரு நிபந்தனையின் பேரில். விமானத்தின் வேலையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கை, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ முயலும் சாதாரண மனிதர்கள் செய்திருக்க வேண்டும். விமானத்தினுள்ளே "பரிசோதனை" என்ற சொல் கொட்டை எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இது தொழிற்சாலை விமானங்களின் பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்ததன்று என்ற எச்சரிக்கைப் பலகையையும் பிரயாணி காண ஒட்டியிருக்க வேண்டும். எஞ்சினும் விசிறியும் சேர்ந்தே அரசின் அத்தாட்சி பெற்றவையாயின், பொதுவாக முதல் 25 மணி நேரமும், அப்படி இல்லையாயின் முதல் 40 மணி நேரமும், குறித்த எல்லைக்குள்ளே, பிரயாணிகள் எவரையும் ஏற்றாமற் பறந்து சோதிக்க வேண்டும்.

வரிசைகளில் நாம் அதிக நேரம் நின்றது ஒரு மர விமானத்தின் அருகில். பெர்னாட் பீற்றன்போல் என்பவர் மினசோட்டா மாநிலத்துச் செரி குரோவ் என்ற கிராமத்தில் 1929 இல் அமைத்த மாதிரி அது. மரச்சட்டம், அதன்மேல் துணி, துணிமேற் பூச்சு. தலைக்கு மேலே ஒரே இறக்கை. முன்னே போர்ட் மோட்டார்க் காரின் எஞ்சின். அவரது வரைபடத்தைக் கொண்டு இன்றும் செய்கின்றனர். ஒஷ்கொஷ் விழாவுக்கு முன்பு, விஸ்கொன்சின் மாநிலத்துப் புறொட்கெட் என்ற ஊரில் இந்த விமானங்கள் மட்டும் தனியே கூடிக்கொள்கின்றன. வல்வெட்டித்துறையிலே கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையைச் சென்றடைந்த கதையை அறிந்தவர்களுக்கு, வீட்டு முற்றத்துத் தச்சு வேலையில் உயிரை ஒப்படைத்துச் செல்லும் துணிவு விளங்காததன்று.

ஆயினும் அந்தக் கார் எஞ்சினில் ஒரு குறையுண்டு. விமானத்துக்கென்றே செய்த எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள். அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு தனித்தனி மக்னீற்றோக்கள். ஒன்று பழுதாயினும் மற்றது சுமக்கும். பழைய காரின் எஞ்சினில் எல்லாம் ஒன்றே. மேலும், கம்பிகளும் தாங்குசட்டங்களும் வெளியே நிற்கும் இவ்விமானம் காற்றை அதிகம் தடுப்பதால், எஞ்சின் நின்றபின் செங்குத்தாகவே இறங்கும். நாம் மேலே சொன்ன ஒன்பது மடங்குக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

நீலப் பெற்றோலும் நீர்த்துளியும்

எஞ்சின் ஏன் நிற்கின்றது? உடைந்த இரும்பினால் நிற்பதுண்டு. ஆனால் அதனிலும் இழிவான, சின்னஞ்சிறு காரணங்களாலேயே அடிக்கடி நிற்கின்றது என்பதை விரிவுரைக் கொட்டகைகளிற் கேட்டு வியந்தோம். முதலாவது, எரிபொருள் தீர்ந்துபோதல். இதனைச் சொன்னபோது கொட்டகையிற் பலர் சிரித்தனர், சொன்னவர் சிரிக்கவில்லை. இரண்டாவது, ஒரு தாங்கி வெறுமையாகி மற்றொரு தாங்கி நிறைந்திருக்கையிலே, திறப்பை மாற்ற மறந்துபோதல். மூன்றாவது, தாங்கியின் காற்றுத் துவாரத்தில் மண்கூடு கட்டும் குளவி குடியேறி அடைத்துவிடுதல். காற்று உள்ளே புகாவிட்டால் பெற்றோல் வெளியே வராது. ஒரு கண் மட்டும் துளைத்த இளநீரைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நான்காவது தண்ணீர். இரவுக் குளிரில் தாங்கியின் உட்புறம் வியர்த்து, அந்நீர் அடியிலே தேங்குகின்றது. ஆகவே பறப்பதற்கு முன் ஒவ்வொரு தாங்கியின் அடியிலிருந்தும் சிறிதளவு பெற்றோலை ஒரு கண்ணாடிக் குழாயில் வடித்துப் பார்க்கின்றனர். விமானப் பெற்றோலுக்கு நீலச் சாயம் ஊட்டியிருப்பதால், தண்ணீர் நிறமற்ற மணியாய் அடியில் நிற்கும். இதிலும் ஒரு சூழ்ச்சியுண்டு. வடித்தது முழுவதும் தண்ணீராயின் கோடு எதுவும் தெரியாது. அவசரக்காரன் "சுத்தம்" என்று சொல்லிவிடுவான். அதனாலேதான் அனுபவசாலிகள் குழாயை வானத்துக்கு எதிரே பிடித்து நிறத்தைப் பார்ப்பதோடு, முகர்ந்தும் பார்க்கின்றனர்.

ஐந்தாவதே எம்மை மிகவும் வியப்பித்தது. கோடை நாளிலே எஞ்சினுக்குள் பனிக்கட்டி! மண்பானையின் நீர் ஏன் குளிர்கின்றது? பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. காபரேற்றரின் குறுகிய கழுத்திலே பெற்றோல் ஆவியாகும்போதும் அதுவே நடக்கின்றது. அங்கே காற்றும் விரிந்து மேலும் குளிர்கின்றது. வெளியே வெப்பம் 20 பாகையாக இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், அந்தக் கழுத்திற் பனி கட்டிக் காற்றுவழியை நெரித்துவிடும். அதற்கு மாற்றாக, புகைபோக்கிக் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விடும் ஒரு பிடி உண்டு. பிடியை இழுத்தவுடன் எஞ்சின் முன்னிலும் மோசமாய் இருமும், உருகிய நீரை அது விழுங்குவதால். பயந்த விமானி பிடியைத் திரும்பத் தள்ளிவிடுகின்றான். அதனோடு எஞ்சினும் அடங்கிப்போகின்றது. இருமினாலும் பொறுத்திருக்க வேண்டும் என்பதே அங்கே அறிவுரை.

புதிதாய்ச் செய்த விமானத்துக்கு வேறொரு தனி ஆபத்து. நிலத்திலே ஒழுங்காய் ஓடிய எஞ்சின், மூக்கை உயர்த்தி ஏறும்போது போதிய பெற்றோலைப் பெறாமற் போகலாம். ஆதலால், முதற் பறப்புக்கு முன் விமானத்தை ஏறும் சாய்விலே நிறுத்திவைத்துக் குழாய்வழியே வரும் பெற்றோலை அளக்கும்படி கற்பிக்கின்றனர். தாங்கியிலிருந்து தானாய் இறங்கி வருவதாயின், எஞ்சின் முழுவேகத்திற் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வரவேண்டும். பம்பினால் வருவதாயின் ஒன்றேகால் மடங்கு.

முன்னே வயல், பின்னே ஓடுபாதை

எல்லாவற்றிலும் கொடியது, ஏறிய சில விநாடிகளுக்குள் எஞ்சின் நிற்பதுதான். விமானி நானூறு, ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கின்றான். முன்னே ஏதோ ஒரு வயல். பின்னே, அவன் இப்போதுதான் விட்டுவந்த நீண்ட, மட்டமான, அழகிய ஓடுபாதை. திரும்பிவிட்டால் என்ன?

திரும்புவதற்கு அரைவட்டம் போதாது. வட்டமடித்து முடித்தபோது அவன் ஓடுபாதைக்கு நேரே அன்றி, பக்கத்தே ஒதுங்கி நிற்பான். ஆகவே இன்னும் திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். இத்தனைக்கும் உயரம் கரைகின்றது. 45 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு, நேரே பறக்கையில் வேண்டியதிலும் நூற்றுக்கு 19 பங்கு கூடுதலான வேகம் இல்லாவிடின் இறக்கைகள் காற்றின் பிடியை இழந்துவிடும். நிலம் நெருங்கி வரக் கண்ட விமானியின் கையோ, அறிவைக் கேளாமல், மூக்கை மேலே இழுக்கின்றது. வேகம் இன்னும் குறைகின்றது. ஒரு பக்க இறக்கை முதலிற் பிடியிழக்க, விமானம் சுழன்று தலைகீழாய் வீழ்கின்றது. வயலிலே மோதியிருந்தாற் காலொடிந்து தப்பியிருக்கக்கூடியவன், ஓடுபாதையின் அருகிலே உயிரை விடுகின்றான்.

தொழிற்சாலை விமானத்தை வாடகைக்கு எடுத்தவனைவிடத் தன் விமானத்தைத் தானே செய்தவனுக்கு இந்தச் சோதனை பன்மடங்கு கடினம் என்றே நாம் கருதுகின்றோம். அவன் கண்முன்னே இருப்பது வெறும் இயந்திரம் அன்று. எட்டு ஆண்டு, பத்து ஆண்டு மாலைப்பொழுதுகள். மனைவி ஒரு பக்கம் பிடிக்க மறுபக்கம் தான் அடித்த பல்லாயிரம் தறையாணிகள். அதனைத் தானாகவே கொண்டுபோய் வேலியிலே மோதென்றால் மனம் எப்படி ஒப்பும்?

இதனை நாம் அங்கேயே ஒருவரிடம் கேட்டோம். உலோகத் தகட்டாற் செய்த இருவர் விமானம் அவருடையது. றிச்சட் வான்குறன்ஸ்வன் என்பவர் அமைத்த இந்த வகை விமானங்கள் மட்டும் 11,000 க்கு மேல் உலகெங்கும் செய்து பறக்கப்பட்டிருக்கின்றன. எழுபது வயதை அணுகிய அந்தப் பெரியவர் தச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். தமது இடது இறக்கையைத் தட்டிக்காட்டி, "இது இரண்டாவது இறக்கை" என்றார்.

முதலாவதற்கு என்ன நேர்ந்தது?

"அறுநூறு அடியில் எஞ்சின் நின்றது. பின்னால் ஓடுபாதை. என் கை திரும்பத் தொடங்கிவிட்டது, ஐயா. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால், ஒவ்வொரு முறையும் புறப்படுமுன், 'ஆயிரம் அடிக்குக் கீழே நின்றால் நேரே முன்னுக்கு' என்று உரத்துச் சொல்லிக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கும் சொல்லியிருந்தேன். அந்தக் குரல் என் காதிலே கிடந்தது. மூக்கைத் தாழ்த்தினேன். முன்னே அவரை வயல். சக்கரம் ஒடிந்தது, வேலிக்கட்டை இறக்கையைக் கிழித்தது, நான் கதவைத் திறந்துகொண்டு நடந்து வெளியே வந்தேன்."

காரணம் என்னவென்று பின்னர் தேடினாராம். எரிபொருட் குழாயின் பொருத்திலே பூசிய பசையில் ஒரு துணுக்கு, அரிசிமணியிலும் சிறியது, பிரிந்து சென்று வடியை அடைத்திருந்தது. பூசியவர் அவரே.

"வயலில் நின்று அழுதேன். ஏழு வருட வேலை. இவள் வந்து சேர்ந்தாள்," என்று பக்கத்திலே பழச்சாறு ஊற்றிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டினார். அந்த அம்மையார் கிண்ணத்தை எம்மிடம் நீட்டிக்கொண்டே, "இறக்கையை நீங்கள் மறுபடியும் செய்யலாம், உங்களை நான் எதைக்கொண்டு செய்வது என்று கேட்டேன்," என்றார். கிழிந்த இறக்கை நுனி இப்போது அவர்களது கொட்டகைச் சுவரிலே தொங்குகின்றதாம்.

எஞ்சின் நின்ற கணத்திலிருந்து விமானம் காப்புறுதிக் கம்பனிக்குச் சொந்தம் என்று விமானிகளிடையே ஒரு பேச்சு வழங்குகின்றது. கேட்கும்போது வேடிக்கைப் பேச்சாய் இருக்கின்றது. அந்தத் தம்பதியின் அருகிலிருந்து கேட்டால் அவ்வளவு வேடிக்கையாய் இல்லை.

செய்தவனை அல்லாமல் வாங்கியவனைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீட்டு விமானங்கள் அந்நாட்டுச் சிறு விமானங்களிற் பத்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு; 2011 இல் நிகழ்ந்த மரண விபத்துகளிலோ அவற்றின் பங்கு நூற்றுக்கு 21. அவ்வாண்டு விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களிற் பாதிக்கு மேற்பட்டவை, செய்தவரிடமிருந்து பிறர் விலைக்கு வாங்கியவை. செய்தவனுக்குத் தன் விமானத்தின் ஒவ்வொரு திருகும் தெரியும். வாங்கியவனுக்கு அது புதிய வீடு, விளக்கின் சுவிச்சு எங்கேயென்று இருளிலே தடவவேண்டிய வீடு.

பாடகர் ஜோன் டென்வரின் முடிவு அத்தகையதே. கலிபோர்னியாவில் 1997 ஒக்ரோபர் 12 ஆம் நாள், தாம் புதிதாய் வாங்கிய லோங் ஈசீ என்ற வீட்டு விமானத்திற் பறந்த அவர், பசிபிக் குரோவ் கரையோரத்திலே கடலில் வீழ்ந்து இறந்தார். அந்த விமானத்தின் மூல வரைபடத்திலே, தாங்கியை மாற்றும் திறப்பு விமானியின் கைக்கெட்டும் முன்புறத்தில் இருந்தது. செய்தவரோ பெற்றோற் குழாய்கள் விமானியறைக்குள் வராமலிருக்கட்டும் என்று கருதி, அதனை விமானியின் இடது தோளுக்குப் பின்னே வைத்துவிட்டார். அதனைத் திருப்ப வேண்டுமாயின் இயக்குபிடியை விட்டு வலக்கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், உடலை முறுக்கவேண்டும். உடலை இடப்புறம் முறுக்கினால், வலக்கால் தன்னையறியாமற் சுக்கான் மிதியை அழுத்தும். அவ்வாறு மிதித்தே விமானம் கட்டுமீறிற்று என்பது சபையின் முடிவு. எஞ்சினை மீட்க முயன்ற கவனம் பறத்தலை மறந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அந்த லோங் ஈசீயை வரைந்த பேர்ட் றூற்றன் என்ற மேதையே வொயேஜர் விமானத்தையும் வரைந்தார். அவருடைய தமையனார் டிக் றூற்றனும் ஜீனா யேகர் என்ற பெண்மணியும் 1986 டிசெம்பரில், எங்கும் இறங்காமல், இடையிலே பெற்றோல் நிரப்பாமல், ஒன்பது நாளில் அதிலே உலகைச் சுற்றினர். கடைசி இரவு, மெக்சிக்கோக் கரையோரமாய் வடக்கே வருகையில், ஓடிக்கொண்டிருந்த பின் எஞ்சின் பெற்றோல் வராமல் நின்றுவிட்டது. முன் எஞ்சினையோ பெற்றோலைச் சேமிப்பதற்காக முன்பே நிறுத்தியிருந்தனர். கீழே கருங்கடல். எட்டு நாள் உறக்கமிழந்த விமானி மூக்கைத் தாழ்த்தி, விமானத்தை மிதந்து இறங்கவிட்டு, முன் எஞ்சினை உயிர்ப்பித்துக்கொண்டார். மறுநாட் காலை இருவரும் கலிபோர்னியாவில் இறங்கினர்.

கண்ணுக்குத் தெரியாத கம்பி

வயலில் இறங்குவதென்றாலும் எந்த வயல்? இதற்கென்றே ஒரு விரிவுரை. அறுத்த புல்வெளி நன்று. உழுத நிலமாயின் சாலோடு இறங்கவேண்டும், சாலுக்குக் குறுக்கே அன்று. ஆளுயரச் சோளம் மேலிருந்து மெத்தை போலத் தோன்றும். சக்கரத்தைப் பற்றி விமானத்தைக் கவிழ்த்துவிடும். வேறு வழியில்லையாயின் பயிரின் நுனியையே நிலமென்று பாவித்து அங்கே மெதுவாய்ப் படியவேண்டும். தெரு கவர்ச்சியானது, ஆனால் தெருவுள்ள இடத்தில் மின்கம்பி உண்டு. மேலிருந்து கம்பி தெரியாது, கம்பமே தெரியும். இரண்டு கம்பத்தைக் கண்டால் நடுவே கம்பியும் கண்டதாகக் கொள்க என்றார் விரிவுரையாளர். மருமகன் அதனைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

அவர் சொன்ன கணக்கு ஒன்று மாணவர்களுக்குப் பயன்படும். மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 50 மைல் வேகத்தில் நிலத்தைத் தொடும் விமானம் ஒன்பதரை அடிக்குள் சீராய் நின்றாலும், உள்ளிருப்பவரைத் தாக்கும் விசை அவர் நிறையைப்போல ஒன்பது மடங்குதான். தோள்வார் கட்டியிருப்பவர் அதனைத் தாங்கிக்கொள்ளலாம். 100 மைல் வேகமாயின், அதே விசையோடு நிற்க 38 அடி வேண்டும். ஆகவே காற்றை எதிர்த்து இறங்கி, நிலத்தோடு உறவாடும் வேகத்தைக் குறைக்க வேண்டும். மரங்கள் நிறைந்த இடமாயின் இரண்டு மரங்களின் இடையே உடற்பகுதியைச் செலுத்தி, இறக்கைகளை மரத்துக்குக் கொடுத்துவிடவேண்டும். நிலத்தைத் தொடுமுன் பெற்றோற் திறப்பையும் மின்சாரத்தையும் மூடவேண்டும். கதவைச் சற்றே திறந்து, மறுபடி பூட்டிக்கொள்ளாதபடி இடையிலே ஒரு சப்பாத்தையாவது செருகிவிடவேண்டும். சட்டம் நெளிந்துவிட்டாற் கதவு பிறகு திறவாது. மேலே குமிழிக் கண்ணாடி மூடியுள்ள விமானங்களிற் பலர் அதனை உடைப்பதற்கு ஒரு சுத்தியல் வைத்திருப்பதையும் கண்டோம்.

அருகிலே ஏரி இருக்கின்றதே, அதில் இறங்கினால் என்னவென்று ஒரு சிறுமி கேட்டாள். வினபேகோ ஏரி 550 சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையதெனினும் ஆழம் 21 அடிக்கு மிஞ்சாது. ஆயினும் நீட்டிய சக்கரங்கள் நீரைத் தொட்டதும் விமானம் குப்புறக் கவிழும். தலைகீழாய் இடுப்புவாரை அவிழ்த்து வெளியேறத் தெரிந்திருக்க வேண்டும். கரைக்கு எட்டும் தூரத்தில் வயலிருந்தால் வயலே மேல் என்று அவளுக்கு விடை கிடைத்தது.

விழா மைதானத்தின் ஓரத்தில், விமானங்களின் இரைச்சல் சற்றே அடங்கும் இடத்திலே, சிறு வழிபாட்டுக் கூடம் ஒன்றும், அதனருகே மறைந்தவர்களின் பெயர் பொறித்த மதில் ஒன்றும் இருக்கின்றன. ஒரு மாலை நாம் அங்கே சென்றோம். இந்த விமானத்தளத்துக்குப் பெயர் தந்த ஸ்ரீவ் விற்மன் 1931 முதல் 1969 வரை இதனை நிர்வகித்தவர்; பந்தய விமானங்கள் பல செய்தவர்; சிறு விமானங்களுக்கு வளையும் உருக்குக் கால்களைக் கண்டுபிடித்தவர். 1995 ஏப்பிரலில், தாம் செய்த விமானத்தில் மனைவியுடன் புளோரிடாவிலிருந்து ஒஷ்கொஷ் நோக்கி வருகையில், அலபாமாவில் வீழ்ந்து இருவரும் இறந்தனர். அவருக்கு வயது 91. எஞ்சின் நிற்கவில்லை, இறக்கையின் துணி ஒட்டு விட்டிருந்தது. மதிலின் முன்னே ஓர் இளைஞன் தன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை விமானங்கள் வீடு திரும்பின. நாம் பார்த்து நின்ற அந்தப் பீற்றன்போல் விமானத்தின் சொந்தக்காரர் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டியபின், கண்ணாடிக் குழாயிலே பெற்றோலை வடித்து, வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், இன்னொரு முறை வடித்தார். மருமகன் ஓடிச்சென்று, விசிறியைச் சுற்றும்போது வாலைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வாலைப் பிடிக்க அனுமதி கிடைத்தது. போர்ட் எஞ்சின் இரண்டு முறை தும்மி, மூன்றாம் முறை ஓடத் தொடங்கிற்று. அவர் உடனே கிளம்பவில்லை. பத்து நிமிடமளவு அதனை ஓடவிட்டுச் செவிகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எம்மை நோக்கிக் கையசைத்து, ஓடுபாதையின் தலைப்புக்கு உருண்டு சென்று, தெற்கே வயல்களுக்கு மேலாக ஏறிப்போனார்.